பென்னியின் மேல் குத்திய பெயர்: தவறாகச் சொன்ன ஒரு விடையும் அதைத் திருத்திய விதமும்

பின்னணி

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறு நகரம். அங்குள்ள உள்ளூர் வரலாற்றுக் குழு மாதம் இருமுறை நூலக மாடியில் கூடும். பழைய புகைப்படம், பத்திரம், பதக்கம் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் பார்த்து, தெரிந்ததைச் சொல்லி அனுப்புவோம். நாணயம் வந்தால் என் பக்கம் தள்ளிவிடுவார்கள். தொழில்முறையில் நான் நாணய ஆய்வாளன் இல்லை, இருபது வருடமாகச் சேகரிப்பவன், அவ்வளவுதான்.

ஓர் அக்டோபர் மாதக் கூட்டத்துக்கு எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார் இரண்டு செப்புக் காசுகளை ஓர் உறையில் போட்டுக் கொண்டுவந்தார். தாத்தா வீட்டிலிருந்து வந்தவை என்றார். இரண்டிலும் நாணயச் சாலை போடாத எழுத்துகள் இருந்தன. "யாரோ கடைக்காரர் குத்தியது என்று அப்பா சொல்வார். யார் அந்தக் கடைக்காரர்?" என்பதுதான் அவருடைய கேள்வி.

அச்சடித்து வெளிவந்த காசின் மீது பிற்பாடு யாரோ குத்தும் அடையாளத்தை மேல்முத்திரை என்று குறிப்பிடுகிறேன். பிரிட்டனில் இதற்கு நீண்ட கதை உண்டு. 1797ல் வெள்ளித் தட்டுப்பாட்டின்போது பேங்க் ஆஃப் இங்கிலாந்தே ஸ்பானிய டாலர் என்ற வெள்ளிக் காசுகளின் மேல் மூன்றாம் ஜார்ஜின் தலையைச் சிறு நீள்வட்டத்தில் குத்தி, 4 ஷில்லிங் 9 பென்ஸுக்கு வெளியிட்டது. டெர்பிஷயரில் குரோம்ஃபோர்டு பஞ்சாலையும் ஸ்காட்லாந்தில் பல ஆலைகளும் தங்கள் பெயரையும் மதிப்பையும் டாலரில் குத்திப் புழங்கவிட்டன. அவற்றில் பெயரும் ஊரும் விலையும் இருப்பதால் அடையாளம் காண்பது சுலபம். செப்புக் காசு அப்படியில்லை. பெரும்பாலும் ஒரு பெயர் மட்டுமே இருக்கும், சில சமயம் இரண்டே எழுத்து. நம் ஊர்ச் சராப்புகள், அதாவது காசு மாற்றித் தருபவர்கள், வெள்ளி ரூபாயில் குத்திய சோதனைக் குறிகளோடும் இதை ஒப்பிட முடியாது. செம்பை யாரும் மாற்றுப் பார்ப்பதில்லை.

முதல் நாள் பார்த்தவை

முதல் காசு 1797ஆம் ஆண்டுப் பென்னி. பர்மிங்காமில் மேத்யூ போல்டன் தன் சோஹோ ஆலையில் நீராவி எந்திரத்தால் அடித்தது. அகலமான, மேடான விளிம்பும் அதில் குழிந்த எழுத்துகளும் இருப்பதால் இதற்கு 'வண்டிச் சக்கரம்' என்று பட்டப்பெயர். புதிதாக இருந்தபோது சரியாக ஒரு அவுன்ஸ், அதாவது 28.35 கிராம் எடையும் 36 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது. எங்கள் தராசில் இது 26.4 கிராம் காட்டியது. அரசரின் கூந்தல் முழுக்க மழுங்கியிருந்தது. தலைப் பக்கத்தின் நடுவில், கன்னத்தின் மேலேயே, ஒரு முதலெழுத்தும் ஒரு குடும்பப்பெயரும். ஆங்கிலேயரிடம் மிகச் சாதாரணமான பெயர் அது. குடும்பத்தாரின் விருப்பப்படி அதை இங்கே தரவில்லை.

இரண்டாவது காசும் பென்னிதான், 1806, 1807ல் வந்த வகை. ஆண்டு தேய்ந்துபோயிருந்தது. அதன் மேல் மூன்று நான்கு வரிகளில் எழுத்துகள். அவற்றில் பாதி கரைந்திருந்தன.

அம்மையாரின் மருமகன் இரண்டையும் வினிகரில் ஊறவைத்தால் பளிச்சென்று படிக்கலாம் என்றார். வேண்டாம் என்று தடுத்தோம். குத்திய எழுத்தின் பள்ளத்துக்குள் உள்ள நிறம் எங்களுக்குத் தேவைப்பட்டது. பழைய காசை எடுத்து நேற்றுக் குத்தியிருந்தால் பள்ளத்தின் அடியில் செம்பு பளபளக்கும், அல்லது செயற்கையாகக் கருக்கிய கருமை ஒரே சீராக இருக்கும். 'பெண்களுக்கு வாக்குரிமை' என்று குத்திய எட்வர்ட் மன்னர் காலப் பென்னி பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அது புகழ்பெற்றதிலிருந்து அதைப்போல் புதிதாகக் குத்தி விற்பவர்களும் வந்துவிட்டார்கள். எங்களிடம் வந்த இரண்டிலும் பள்ளத்தின் உள்ளும் வெளியும் ஒரே பழுப்பு. இரண்டாவதில் எழுத்து மூலைகளில் களிம்பு பச்சையாகப் படிந்திருந்தது. பழைய குத்து என்பதில் சந்தேகம் இல்லை.

அறை விளக்கை அணைத்து, கைவிளக்கைக் காசின் தளத்துக்குக் கிட்டத்தட்ட இணையாகப் படுக்க வைத்து, காசை எட்டுத் திசையில் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தோம். ஒரு திசையில் தெரியாத கோடு அடுத்த திசையில் நிழலோடு எழுந்து நிற்கும். இதற்கு மேல் கருவி எதுவும் எங்களிடம் கிடையாது.

ஒரே மாலையில் முடிந்த இரண்டாவது காசு

நடுவரியின் கடைசியில் கே, எல், ஒய் மூன்றும் தெளிவு. அடுத்த வரியில் 'பேப்பர்' என்று முடியும் சொல். கடைசி வரியில் 3 என்ற எண்ணும் அதையொட்டி டி என்ற எழுத்தும். குழுவில் ஒருவர் அந்த டியை யாரோ ஒருவரின் பெயர் முதலெழுத்து என்று வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினார். அது பெயர் இல்லை. பழைய கணக்கில் பென்னிக்குக் குறியீடே டிதான், ரோமானிய டெனாரியஸிலிருந்து வந்தது. 3 பென்ஸ் விலை, கே, எல், ஒய் என்று முடியும் 'வீக்லி' (வாராந்தரி), பேப்பர் என்று சேர்த்தவுடன் விடை வந்துவிட்டது: 'லாயிட்ஸ் வீக்லி நியூஸ்பேப்பர், 3 பென்ஸ், தபால் செலவு இல்லை'.

எட்வர்ட் லாயிட் 1842ல் தொடங்கிய பத்திரிகை அது. முத்திரை வரி கட்டிய செய்தித்தாளைத் தபாலில் தனிக் கட்டணம் இல்லாமல் அனுப்பலாம் என்பதால்தான் அந்தக் கடைசி வாசகம். அவர் பென்னிகளில் விளம்பரத்தைக் குத்திப் புழக்கத்தில் விட்டார். கைமாறிக்கொண்டே இருக்கும் விளம்பரத் தட்டி, அதுவும் அரசாங்கச் செலவில்! 1853ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. காசில் பெயரோ சொல்லோ குத்துவது குற்றம் என்றும், அப்படிக் குத்திய காசு செல்லாது என்றும் அது சொன்னது. ஆகவே எங்கள் காசு 1842க்கும் 1853க்கும் இடையில் குத்தியது என்று நிம்மதியாக எழுதிவைத்தோம்.

இந்தச் சுலப வெற்றிதான் அடுத்த காசில் எங்களைத் தடுமாற வைத்தது. ஒன்று விளம்பரம் என்றால் மற்றதும் விளம்பரமாகத்தான் இருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மளிகைக் கடைக்காரர் கிடைத்தார்

இங்கிலாந்தில் பெயர் தேட வசதி அதிகம். ஊர் வாரியாக வணிகர்களைப் பட்டியலிட்ட பழைய பெயரேடுகளை லெஸ்டர் பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. 1830களின் பிகாட் பெயரேட்டில் எங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்த பத்தாவது நிமிடத்தில் அதே முதலெழுத்து, அதே குடும்பப்பெயர் கிடைத்தது. தொழில், மளிகை மற்றும் தேயிலை வியாபாரம். கடை இருந்த தெருவும் போட்டிருந்தது.

கதை அழகாகப் பொருந்தியது. வண்டிச் சக்கரப் பென்னி சரியாக ஒரு அவுன்ஸ் என்பதால் கடைகளில் அதைப் படிக்கல்லாகவே வைத்திருந்தார்கள். தேயிலையை அவுன்ஸ் கணக்கில் நிறுத்து விற்கும் கடைக்காரர் தன் படிக்கல் காணாமல் போகாமல் இருக்கப் பெயரைக் குத்திக்கொண்டார் என்று நான்தான் விளக்கம் சொன்னேன். குழுவுக்குப் பிடித்துப்போயிற்று. நவம்பரில் அம்மையாருக்குக் கடிதம் எழுதினோம். நூலகக் கண்ணாடிப் பெட்டியில் காசை வைத்து, பக்கத்தில் கடைக்காரரின் பெயர், தெரு, தொழில் எல்லாம் அச்சடித்த அட்டையும் வைத்தாயிற்று.

அந்த முடிவுக்கு எதிரான மூன்று செய்திகள் அப்போதே எங்கள் குறிப்பேட்டில் இருந்தன. எடை கிட்டத்தட்ட 2 கிராம் குறைவு. தேய்ந்த பிறகுதான் பெயர் குத்தப்பட்டிருந்தது. அதாவது குத்தியபோதே அது படிக்கல்லுக்கு லாயக்கில்லாத காசு. இரண்டாவது, முழு முத்திரைக்குச் சற்று மேலே அதே முத்திரையின் மேல்பாதி மட்டும் மெல்லியதாக விழுந்திருந்தது. 'சுத்தியல் துள்ளியது' என்று ஒரே வரியில் எழுதி முடித்திருந்தேன். மூன்றாவது, எழுத்துகள் ஒரு செவ்வகச் சட்டத்துக்குள் இருந்தன. சட்டத்தின் ஓரம் ரம்பப் பல் போல வளைந்து வளைந்து சென்றது. அதற்கு நான் வைத்த பெயர் 'அலங்கார விளிம்பு'.

பாத்திரத்தில் வெட்டிய பேர்

பிப்ரவரியில் லண்டனில் இருக்கும் மூத்த சேகரிப்பாளர் ஒருவருக்குப் படங்களை அனுப்பினேன், கொஞ்சம் பெருமையோடுதான். யாழ்ப்பாணத்துக்காரர், கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர். அன்றிரவே போனில் வந்தார்.

"தம்பி, இந்தப் பேர் கடைக்காரன்ர எண்டு எப்பிடிச் சொல்லுறீர்?"

"பெயரேட்டில் இருக்கு அண்ணை. அதே ஊர், அதே பேர்."

"வீட்டிலை செம்புச் சட்டியிலை பேர் வெட்டியிருந்தா, அது சட்டி வித்தவன்ர பேரே?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்கில் புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பது என் அத்தை பெயர். கல்யாண வீட்டில் பாத்திரம் மாறிப்போகாமல் இருக்க வெட்டியது. பொருளில் பெயர் இருந்தால் அது வைத்திருந்தவரின் பெயராக இருக்கலாம் என்பது பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். 'வணிகர் முத்திரை' என்று தலைப்புப் போட்டுத் தேடியதால் வணிகரைத்தான் கண்டுபிடித்தேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். இரண்டு காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குத்துக்கு அப்புறம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னார். உலோகத்தில் எதைக் குத்தினாலும் ஓரத்தில் கொஞ்சம் செம்பு பிதுங்கி வரப்பாக எழும். காசு கைமாறினால் முதலில் தேய்வது அந்த வரப்புதான்.

மறுநாள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். லாயிட்ஸ் காசில் வரப்பே இல்லை, எழுத்துகளும் வழுவழுப்பு. குத்திய பின் வருடக்கணக்காகச் சுற்றியிருக்கிறது. வண்டிச் சக்கரத்தில் சட்டத்தைச் சுற்றி நகத்தை ஓட்டினால் தடுக்குகிறது. மூன்று பக்கமும் வரப்பு அப்படியே இருக்கிறது. அதாவது, குத்திய பிறகு இந்தக் காசு சந்தைக்கே போகவில்லை. பெட்டியைவிட்டு வெளியே போகாத காசு எப்படி விளம்பரமாகும்?

தச்சரின் பெட்டி

காட்சிப் பெட்டியிலிருந்து அட்டையை அன்றே எடுத்துவிட்டோம். பதிலாக எதை வைப்பது என்று தெரியாமல் 'ஆய்வில் உள்ளது' என்று எழுதி வைத்தோம். மார்ச் கூட்டத்துக்கு, குழுவில் யாரோ சொல்லி, ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் வந்தார். லென்ஸைக்கூடக் கையில் எடுக்கவில்லை. படத்தைப் பார்த்ததுமே, "இது இழைப்புளியில் குத்துகிற பெயர்" என்றார். இரண்டு வாரம் கழித்து ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

உள்ளே பீச் மரத்தில் செய்த பழைய இழைப்புளிகள் பதினைந்து இருபது. கதவுச் சட்டத்துக்கு ஓர அலங்காரம் இழைப்பவை. ஒன்றை எடுத்து அதன் முன்முனையைக் காட்டினார். மேலே, நடுவில், செய்தவரின் பெயரும் ஊரும். அதற்குக் கீழே வேறொரு பெயர், ரம்பப் பல் சட்டத்துக்குள். பக்கத்தில் இன்னொரு பெயர், வெறும் எழுத்துகளாக. பின்முனையிலும் அந்த இரண்டாம் பெயர் மறுபடி இரண்டு முறை. நூறு ஆண்டில் அந்த இழைப்புளி கை மாறியிருக்கிறது. புதிதாக வாங்கியவர் ஒவ்வொருவரும் தன் பெயரைக் குத்தியிருக்கிறார். பழைய பெயரை அழிப்பதில்லை.

அந்தக் காலத்தில் பட்டறையில் பத்துப் பேர் வேலை செய்வார்கள், ஆளுக்கொரு பெட்டி. கருவிகள் எல்லாம் கூலிக்கு வேலை செய்யும் தச்சரின் சொந்தம். சாயங்காலம் தன் உளி எது, அடுத்தவன் உளி எது என்று பிரிக்க எஃகில் ஒரு பெயர் பஞ்ச், அதாவது சுத்தியலால் அடித்தால் பெயர் பதியும் அச்சு, செய்து வைத்துக்கொள்வார். புது பஞ்ச் கையில் வந்ததும் நேரே நல்ல இழைப்புளியில் அடிக்க மாட்டார். எதிலாவது அடித்துப் பார்ப்பார். "என்னிடம் ஒரு பழைய பென்னி இருந்தால் அதில்தான் அடிப்பேன். கெட்டியாகவும் இருக்கும், மெத்தென்றும் இருக்கும்" என்றார் தச்சர்.

பாதி விழுந்த முத்திரையைக் காட்டினேன். சிரித்தார். முதல் அடியில் பஞ்ச் சாய்ந்துவிட்டது, இரண்டாவதில் நேராகப் பிடித்திருக்கிறார் என்றார். நான் 'சுத்தியல் துள்ளியது' என்று எழுதியது தவறு. துள்ளியிருந்தால் இரண்டு பதிவும் அரை மில்லிமீட்டர் தள்ளி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். இங்கே நாலு மில்லிமீட்டர் இடைவெளி, கோணமும் வேறு. பஞ்சைத் தூக்கி மறுபடி வைத்திருக்கிறார்.

பூப் பக்கத்தைத் திருப்பினால், பிரிட்டனைப் பெண்ணாகக் காட்டும் பிரிட்டானியா உருவத்தின் கேடயம் மட்டும் சப்பையாக இருந்தது. தலைப் பக்கத்து முத்திரைக்கு நேர் கீழே அது. இரும்புத் தளத்தின் மேல் வைத்து அடித்த தடயம்.

மறுபடி பெயரேட்டுக்கு

பெயரேட்டில் இடம்பெற்றவர் கடையோ தொழிலோ வைத்திருந்த எசமானர். கூலித் தச்சர் அதில் வரமாட்டார். ஆனால் பெயர் பஞ்ச் மிகவும் தேவைப்பட்டது அந்தக் கூலித் தச்சருக்குத்தான். அப்படியானால் எங்கள் ஆளைப் பெயரேட்டில் தேடியதே தவறான வாசலில் தட்டியதுபோல. சாதாரணப் பெயர் என்பதால், எந்த ஊர்ப் பெயரேட்டைத் திறந்திருந்தாலும் அந்தப் பெயரில் யாரோ ஒரு கடைக்காரர் அகப்பட்டிருப்பார்.

கூலியாட்களும் பதிவான இடம் மக்கள்தொகைக் கணக்கு. 1841ல்தான் நாடு முழுக்க ஆள் பெயரோடு எடுத்தார்கள். அதில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 1851ல் சரியான வயதும் பிறந்த ஊரும் சேர்ந்தன. இரண்டையும் வைத்து எங்கள் நகரம், சுற்றியுள்ள கிராமங்கள் எல்லாம் தேடியதில் அந்த முதலெழுத்தும் குடும்பப்பெயரும் கொண்ட ஆண்கள் பதினோரு பேர். அவர்களில் இரண்டு பேர் தச்சர், ஒருவர் வண்டிச் சக்கரம் செய்பவர். மூவரில் யார் என்று பிரிக்க எங்களிடம் ஆதாரம் இல்லை. அந்த மூவருமே இல்லாமலும் இருக்கலாம். காசு 1797லிருந்து புழங்கியது. பழைய செப்புப் பென்னிகள் செல்லாதவை ஆனது 1860களின் இறுதியில். குத்தியது இந்த எழுபது வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். செல்லாத காசாகிவிட்ட பிறகும் நடந்திருக்கலாம்.

மே மாதம் தச்சருக்குத் தெரிந்த ஒருவரிடம் அதே பெயர் குத்திய இழைப்புளி இருப்பதாகத் தகவல் வந்தது. படம் வந்தது. அளவுகோலோடு எடுத்த எங்கள் படத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தோம். பெயர் அதேதான், ஆனால் பஞ்ச் வேறு. எங்களுடையதில் சட்டத்தின் கீழ்வரிசையில் வலது கோடியிலிருந்து மூன்றாவது பல் உடைந்திருக்கிறது. அந்த இழைப்புளியில் எல்லாப் பல்லும் முழுசு, எழுத்துகளும் ஒடுங்கியவை. குழுவில் இரண்டு பேர், "கிட்டத்தட்ட அதே மாதிரிதானே இருக்கிறது" என்று ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். நான் மறுத்துவிட்டேன். நவம்பரில் பட்ட சூடு போதும்.

விளைவு

ஜூனில் அம்மையாரை நேரில் பார்த்து, முன்பு எழுதிய கடிதம் தவறு என்று சொன்னோம். வருத்தப்படவில்லை. "தச்சரா? அப்படியானால் அது அம்மா வழித் தாத்தாவின் தகப்பனார் பக்கமாக இருக்கும். அந்தக் காசுகள் மரத்திருகாணி டப்பாவில்தானே கிடந்தன" என்றார்.

எந்த டப்பா என்று கேட்டோம். தாத்தாவின் கொட்டகையில் இருந்த ஒரு தகர டப்பா. அதில் பித்தளைத் திருகாணிகள், ஒரு துளைக் கருவியின் மரப்பிடி, தட்டையான தச்சுப் பென்சில், இந்த இரண்டு காசு. எங்களிடம் கொண்டுவரும்போது காசுகளை மட்டும் எடுத்து உறையில் போட்டிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு வீட்டை ஒழித்தபோது டப்பா குப்பைக்குப் போய்விட்டது. அந்த மரப்பிடியில் ஏதாவது பெயர் குத்தியிருந்ததா என்பது அவருக்கு நினைவில்லை.

இப்போது கண்ணாடிப் பெட்டியில் உள்ள அட்டையில் மூன்று வரிகள் இருக்கின்றன. முத்திரை பழையது: உறுதி. கருவிகளில் பெயர் குத்தும் பஞ்சை அடித்துப் பார்த்தது: பெரிதும் சாத்தியம். யாருடையது: தெரியவில்லை. மளிகைக் கடைக்காரரைப் பற்றி நவம்பரில் வைத்த அட்டையைக் கிழித்துப் போடவில்லை. திருத்தக் குறிப்போடு கோப்பில் இருக்கிறது. அதைப் பார்த்து யாராவது தங்கள் குடும்ப வரலாற்றில் எழுதிக்கொண்டிருந்தால் தேடி வரும்போது காட்ட வேண்டுமே.

மாற்றிச் செய்தவை

அதற்குப் பிறகு வந்த மேல்முத்திரைக் காசுகளில் பெயரைக் கடைசியில்தான் தேடுகிறோம். முதலில் குத்தைப் பார்க்கிறோம்: தனித்தனி எழுத்தாக அடித்ததா, ஒரே பஞ்சா, வரப்பு இருக்கிறதா, தேய்ந்துவிட்டதா, மறுபக்கம் சப்பையாக இருக்கிறதா. தண்டனை பெற்று ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியவர்கள் காதலிக்கும் தாய்க்கும் விட்டுச்சென்ற தேய்த்த பென்னிகளில் எழுத்து செதுக்கியோ புள்ளி வைத்தோ இருக்கும். பஞ்ச் அடித்த சட்டம் அவற்றில் வராது. இப்படி வகை பிரித்த பிறகே எந்த ஆவணத்தைத் திறப்பது என்று முடிவு செய்கிறோம்.

காசைக் கொண்டுவருபவரிடம் இப்போது கேட்கும் முதல் கேள்வி, எதற்குள் இருந்தது, பக்கத்தில் வேறு என்ன இருந்தது என்பது. முடிந்தால் டப்பாவோடு கொண்டுவரச் சொல்கிறோம். கடிதம் அனுப்புமுன் குழுவுக்கு வெளியே ஒருவரிடமாவது, முடிந்தால் நாணயமே தெரியாத ஒரு கைத்தொழிலாளியிடம், படத்தைக் காட்டுகிறோம்.

உடைந்த பல்லின் பெரிதாக்கிய படம் ஒன்றைத் தச்சர் கேட்டு வாங்கிக்கொண்டார். பழைய கருவிகள் விற்கும் சந்தைக்குப் போகும்போதெல்லாம் அதைப் பணப்பையிலிருந்து எடுத்து, பெட்டி பெட்டியாக இழைப்புளிகளைத் திருப்பிப் பார்ப்பாராம். இதுவரை கிடைக்கவில்லை.